பிபி மீட்டரில் அளந்த அல்புமின்

ஒரு லிட்டர் உப்புக் கரைசலில் 100 கிராம் மாட்டு அல்புமின், ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம். வான்ட் ஹோஃப் 1887இல் கொடுத்த சமன்பாட்டில் இதைப் போட்டால், 25 டிகிரியில் சவ்வூடு பரவல் அழுத்தம், அதாவது புரதத்தை மட்டும் தடுக்கும் சவ்வின் வழியே கரைசல் தண்ணீரை இழுக்கும் அழுத்தம், 28 மி.மீ. பாதரசம் வர வேண்டும். தண்ணீர்க் கம்பமாகச் சொன்னால் 38 செ.மீ. என் பிபி அளவியில் 57 மி.மீ. வந்தது. செறிவை இரட்டிப்பாக்கி 200 கிராமில் பார்த்தேன். கணக்குப்படி 56, முள் நின்ற இடம் 208. கை நடுக்கம், பார்வைக் கோளாறு என்று சொல்லித் தள்ளிவிடக்கூடிய இடைவெளி இல்லை இது. அதற்குள் எதெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்த வேலை முழுதும்.

தொடங்கி வைத்தவர் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் மாமா. கல்லீரல் நோயால் வயிற்றில் நீர் கோர்த்து, அதை வடிக்கும்போதெல்லாம் 20 சதவீத அல்புமின் ஏற்றுவார்கள். டர்பனுக்குப் பக்கத்தில் பைன்டவுனில் இருக்கும் நேஷனல் பயோபிராடக்ட்ஸ் இன்ஸ்டிட்யூட் தானமாக வந்த பிளாஸ்மாவிலிருந்து எடுக்கும் மருந்து அது. "இத்துனூண்டு பாட்டில் எப்படிப்பா அவ்வளவு தண்ணியை இழுக்குது?" என்று கேட்டார். வாய்க்கு வந்த பதில் ஒன்றைச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தால் சாதாரணச் சமன்பாடு அந்தப் பதிலைத் தாங்கவில்லை.

புரதத்தைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் அலைச்சல். முட்டை வெள்ளைக்கரு மலிவு, ஆனால் அதில் பல புரதங்கள் கலந்து கிடக்கின்றன. ஜிம்முக்குப் போகிறவர்கள் வாங்கும் வே பொடியில் ஆல்ஃபா லாக்டால்புமின் இருக்கிறது. அதன் மூலக்கூறு எடை சுமார் 14,000. சிறிய மூலக்கூறுகளை விட்டுப் பெரியவற்றைத் தடுக்கும் டயாலிசிஸ் குழாய்ச் சவ்வு தடுக்கத் தொடங்குவதும் 12,000, 14,000 அளவில்தான். ஒழுகும் சவ்வை வைத்துக்கொண்டு அழுத்தம் அளக்க முடியாது. கடைசியில் மாட்டுச் சீரம் அல்புமின் பொடியே சரி என்று முடிவாயிற்று. 583 அமினோ அமிலங்கள், மூலக்கூறு எடை 66,400 சொச்சம், நூறு ஆண்டுகளாக ஆட்கள் அளந்து வைத்த புரதம். சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அப்போது புரட்டாசி. இங்கே தமிழ் வீடுகளில் அந்த மாதம் எவ்வளவு கறாராகக் கடைப்பிடிப்பார்கள் என்பது டர்பன்காரர்களுக்குத் தெரியும். முட்டையே உள்ளே வராத மாதத்தில் மாட்டு ரத்தத்திலிருந்து எடுத்த பொடி என்றதும், வீட்டுக்கார ஆன்ட்டி பின்கட்டு அறையின் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். அதுவும் நல்லதற்குத்தான். அடுப்பு இல்லாத, தென் அரைக்கோளத்தின் வடக்கு வெயில் படாத அறை.

முதலில் செய்தது எல்லோரும் பள்ளியில் பார்த்திருக்கும் வடிவம்: டயாலிசிஸ் பைக்குள் கரைசல், வாயில் ஒரு நிமிர்ந்த கண்ணாடிக் குழாய், வெளியே உப்புத் தண்ணீர். கண்ணால் பார்க்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. நீர் மட்டம் 38 செ.மீ.யைத் தாண்டி ஏறிக்கொண்டே போவதைப் பக்கத்து வீட்டுப் பையன் வாய் பிளந்து பார்த்தான். அளப்பதற்கு இது உதவாது. பை ஊதிப் பெருக்கிறது. உள்ளே நீர் வர வர செறிவு குறைகிறது. 1 மி.மீ. துளையுள்ள குழாயில் சுத்தத் தண்ணீர் தானாகவே 3 செ.மீ. ஏறி நிற்கும், புரதம் கலந்தால் பரப்பு இழுவிசை குறைந்து அந்த ஏற்றமும் மாறிவிடும். எதை எதிலிருந்து கழிப்பது?

அதனால் வடிவத்தை மாற்றினேன். இரண்டு தடித்த அக்ரிலிக் துண்டுகளைக் குடைந்து, நடுவில் ஓ-ரிங் வைத்து, நான்கு போல்ட் போட்டு இறுக்கிய சின்னப் பெட்டி. நடுவே வெட்டி விரித்த டயாலிசிஸ் குழாயிலிருந்து எடுத்த தட்டையான சவ்வு. ஒரு பக்கம் புரதக் கரைசல், மேலே கொஞ்சம் காற்று இடம். அந்தக் காற்றோடு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் ரப்பர் பல்பும் வட்ட அளவியும் இணைப்பு. மறுபக்கம் வெறும் உப்புக் கரைசல், அங்கிருந்து வெளியே வரும் கண்ணாடி நுண்குழாய் படுக்கைவாட்டில், சவ்வின் மட்டத்திலேயே. காற்றை அழுத்தினால் நீர் புரதப் பக்கத்திலிருந்து உப்புப் பக்கம் தள்ளப்படும். அழுத்தம் போதாவிட்டால் எதிர்ப்பக்கம் உறிஞ்சப்படும். நுண்குழாயில் திரவ விளிம்பு எந்தப் பக்கமும் நகராத இடத்தில் பல்பின் அழுத்தமும் சவ்வூடு பரவல் அழுத்தமும் சமம். குழாய் படுத்திருப்பதால் நகரும்போது உயர வேறுபாடு சேராது. அதில் புரதம் இல்லாததால் பரப்பு இழுவிசையும் மாறாது. எஞ்சும் சிறு இழுப்பை, இரண்டு பக்கமும் உப்புக் கரைசலே ஊற்றிப் பார்த்து, பூச்சியமாகக் கழித்துவிடலாம்.

சவ்வுக்குப் பின்னால் முட்டுக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் உப்புப் பக்கம் தொப்பை போடும். அதற்குப் பொருத்தமாகக் கிடைத்தது காபி ஃபில்டரின் துளைத் தகடு. துருப்பிடிக்காத எஃகு, வட்டம், துளைகள் சீரானவை. அதன்மேல் மெல்லிய எஃகு வலை ஒன்று, அதன்மேல் சவ்வு. ஃபில்டர் ஊரிலிருந்து இதற்கென்று புதிதாக வரவழைத்தது. வீட்டில் புழங்குவதை எடுத்திருந்தால் புரட்டாசியைவிடப் பெரிய பஞ்சாயத்து ஆகியிருக்கும்.

பிபி அளவியை அப்படியே நம்ப வேண்டியதில்லை. வெளிப்படையான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி மாடிப்படியில் தூக்கிப் பிடித்துச் சரிபார்க்கலாம். 136 செ.மீ. உயரத்துக்கு முள் 100 காட்ட வேண்டும், 2 மீட்டர் 72க்கு 200. என்னுடையது மேல் பாதியில் கொஞ்சம் கூடக் காட்டியது. ஒரு திருத்த வரைபடம் போட்டு வைத்துக்கொண்டேன்.

வெப்பநிலை பற்றி ஒரு வார்த்தை. சவ்வூடு பரவல் அழுத்தம் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதம், ஒரு டிகிரி ஏறினால் சுமார் மூன்றில் ஒரு சதவீதம்தான் மாறும். ஆகவே டர்பன் வெயில் ஒரு பொருட்டே இல்லை என்று தோன்றும். ஆனால் உப்புப் பக்கத்தில் 20 மி.லி. திரவம் இருக்கிறது. அது ஒரு டிகிரிக்கு சுமார் 5 கன மி.மீ. விரியும், 1 மி.மீ. துளைக்குழாயில் அது 6 மி.மீ. நகர்வு. நாம் தேடும் நகர்வும் அதே அளவுதான். கவனிக்காவிட்டால் கையில் இருப்பது அழுத்தமானி அல்ல, வெப்பமானி. கூலர் பாக்ஸ் நிறையத் தண்ணீர் ஊற்றி, பெட்டியை அதற்குள் அமிழ்த்தி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டால் போதும். பிராய்க்கு, அதாவது திறந்தவெளியில் இறைச்சி சுடும் விருந்துக்கு, எடுத்துப் போகும் பெரிய கூலர் பாக்ஸ் இந்த வேலைக்குக் கனகச்சிதம். மின்வெட்டு வந்தாலும் தண்ணீரின் சூடு அசையாது.

கரைசல் செய்வது பொறுமையான வேலை. பொடியைப் போட்டுக் கலக்கினால் நுரைதான் வரும். திரவத்தின் மேல் தூவிவிட்டு, குளிர்ப்பெட்டியில் தானாக நனைந்து இறங்க விட வேண்டும். 200 கிராம் செறிவுக்கு ஓர் இரவு பிடிக்கும், தேன் நிறத்தில் வழவழப்பாக வரும். அப்புறம் அதை டயாலிசிஸ் பையில் கட்டி, ஒரு லிட்டருக்கு 8.8 கிராம் உப்பு போட்ட, அதாவது 0.15 மோலார் கரைசலில் மிதக்க விட வேண்டும். நீரைப் பல முறை மாற்றி, கடைசியாக வெளியே இருந்த அதே நீரைத்தான் பெட்டியின் உப்புப் பக்கத்தில் ஊற்ற வேண்டும். இந்த ஒரு படியைச் செய்யாமல் விட்டால் மற்றதெல்லாம் வீண், ஏனென்றால் இரண்டு பக்கத்து உப்பும் ஒன்றுக்கொன்று சமநிலையில் இருந்தால்தான் அளப்பது புரதத்தால் வரும் அழுத்தமாக இருக்கும். உப்புக் கரைசலை ஒருமுறை கொதிக்க வைத்து ஆற்றிக்கொள்வது நல்லது. சிறு காற்றுக் குமிழி ஒன்று உப்புப் பக்கம் மாட்டிக்கொண்டால் விளிம்பு தன் இஷ்டத்துக்கு ஆடும்.

செறிவு எவ்வளவு? பொடி ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், டயாலிசிஸில் பையும் நீர் குடித்துப் பெருக்கும். எனவே எடை போட்ட கணக்கு செல்லாது. புற ஊதா நிறமாலைமானி கையில் இல்லை. கரும்பு ஆலையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கையடக்க பிரிக்ஸ் ரிஃப்ராக்டோமீட்டர் கொடுத்தார். 1860இல் ட்ரூரோ கப்பலில் நம்மவர்களை இங்கே கொண்டுவந்து இறக்கிய கரும்பு, இந்த வேலைக்கும் ஒரு கருவி கொடுத்துவிட்டுப் போனது. சர்க்கரைக்கு அளவிட்ட கருவிதான், ஆனால் அது உண்மையில் பார்ப்பது ஒளிவிலகலை. புரதம் சம எடைச் சர்க்கரையைவிடக் கொஞ்சம் அதிகமாக ஒளியை வளைக்கும். டயாலிசிஸ் நீரை வைத்துப் பூச்சியம் செய்துகொண்டால், லிட்டருக்கு 100 கிராம் அல்புமின் 12க்கும் 13க்கும் இடையில் காட்டும், 200 கிராம் 24 பக்கம் காட்டும்.

அளக்கும் முறை இதுதான். ஓர் அழுத்தம் வைத்து, விளிம்பு கால் மணி நேரத்தில் எவ்வளவு நகர்கிறது என்று குறிப்பது. அழுத்தத்தைக் கூட்டி மறுபடி, குறைத்து மறுபடி. வேகத்தை அழுத்தத்துக்கு எதிரே புள்ளி வைத்தால் நேர்கோடு வரும், அது பூச்சியத்தை வெட்டும் இடம் விடை. ஃபுவாஸ், மீட் இருவரும் 1943இல் சொன்ன வழியின் எளிய வடிவம். சமநிலைக்காக நாள் கணக்கில் காத்திருக்க வேண்டாம், அதற்குள் கரைசல் நாற்றமெடுக்கும் பயமும் இல்லை. சமப்புள்ளியிலிருந்து ரொம்பத் தள்ளி அளக்கக் கூடாது. நீர் வேகமாக வெளியேறினால் சவ்வை ஒட்டிப் புரதம் குவிந்து, கோடு வளையத் தொடங்கும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு உப்புப் பக்கத்து நீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, ஒரு சொட்டு வினிகர் விட்டு, சூடாக்கிப் பார்ப்பேன். கலங்கினால் புரதம் ஒழுகியிருக்கிறது, அந்த ஓட்டம் குப்பைக்கு.

உப்பு 0.15 மோலார், பிஎச் 7.4. லிட்டருக்கு 50 கிராமில் சுமார் 20 மி.மீ., 100இல் 57, 150இல் 118, 200இல் 208. நல்லியல்புக் கணக்கு, அதாவது வான்ட் ஹோஃப் சமன்பாடு, இதே இடங்களில் 14, 28, 42, 56.

இங்கே ஒரு வசதியான குறுக்குவழி இருக்கிறது, முதலில் அதைச் சொல்லி ஒதுக்கிவிடுகிறேன். லேண்டிஸ், பாப்பென்ஹைமர் இருவரும் 1963இல் அல்புமினுக்கு ஒரு முப்படிச் சமன்பாடு கொடுத்தார்கள். செறிவை 100 மி.லி.க்கு எத்தனை கிராம் என்று எடுத்துக்கொண்டு அதை 2.8ஆல் பெருக்கு, அதன் வர்க்கத்தை 0.18ஆல், கனத்தை 0.012ஆல் பெருக்கு, மூன்றையும் கூட்டு. 37 டிகிரியில் மி.மீ. பாதரசம் கிடைக்கும். 10 கிராமுக்கு 28, 18, 12, ஆக 58. 20 கிராமுக்கு 56, 72, 96, ஆக 224. என் வெப்பநிலைக்குக் கொண்டுவந்தால் 56, 215. என் அளவீடுகள் இதற்கு மிக அருகில்.

மாமாவுக்குப் பதில் சொல்ல இதுவே போதும். ரத்தத்தின் புரத அழுத்தம் 25 மி.மீ. பக்கம். அல்புமின் மட்டும் இருந்தால் அந்த அழுத்தம் தர சுமார் 5.9 சதவீதம் தேவை. 20 சதவீதக் கரைசல் 100 மி.லி. உள்ளே போனால், அது 5.9க்கு நீர்க்கும்வரை தண்ணீரை இழுத்து ஏறக்குறைய 340 மி.லி. ஆகும். நல்லியல்புக் கணக்கை நம்பியிருந்தால் 8.9 சதவீதத்திலேயே நின்று 225 மி.லி.யோடு முடிந்திருக்கும். அல்புமின் நாளங்களை விட்டுக் கசிவது, சிறுநீரகம் செய்வது எல்லாம் தனி. மாமாவுக்கு 340 என்ற எண் பிடித்துவிட்டது. டாக்டரிடமும் சொன்னாராம்.

ஆனால் எனக்கு அந்த முப்படிச் சமன்பாடு பிடிக்கவில்லை. மூன்று எண்களை வளைகோட்டுக்குப் பொருத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். உப்பைப் பாதியாக்கினால் என்ன ஆகும்? பிஎச்சை இறக்கினால்? 0.18 என்பதில் எவ்வளவு புரதத்தின் பருமனால், எவ்வளவு மின்சுமையால்? எதற்கும் அதனிடம் பதில் இல்லை. மக்மில்லன், மேயர் 1945இல் காட்டியபடி இந்தக் கெழுக்களுக்கு மூலக்கூறுகளுக்கு இடையிலான விசையில் வேர் உண்டு என்பது உண்மை. அந்த வேரைத் தோண்டாமல் கெழுவை மட்டும் பொருத்துவது, அளந்த இடத்தை விட்டு வெளியே ஒரு அடி வைக்க உதவாது.

எனவே பைத்தானில் ஒரு சின்ன மாதிரி எழுதினேன். அதில் எதையும் பொருத்தக் கூடாது, வேறு இடத்திலிருந்து தெரிந்த எண்களை மட்டும் போட வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

முதல் துண்டு இடம் அடைப்பது. ஒரு கிராம் அல்புமின் 0.734 மி.லி. இடத்தைப் பிடிக்கிறது. லிட்டருக்கு 200 கிராம் என்றால் 147 மி.லி. புரதம், தண்ணீருக்கு மிஞ்சியது 853 மி.லி. ஆனால் இழப்பு அதைவிடப் பெரிது. ஒரு கோளத்தின் மையம் இன்னொரு கோளத்தின் மையத்துக்கு ஒரு விட்டத்தைவிட நெருங்க முடியாது. அந்தத் தடைப் பகுதியின் ஆரம் இரட்டிப்பு, கனஅளவு எட்டு மடங்கு, இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்வதால் ஆளுக்கு நான்கு மடங்கு. இதைச் செறிவான நிலைவரை சரியாகச் சொல்லும் சமன்பாடு கார்னஹான், ஸ்டார்லிங் இருவரும் 1969இல் கொடுத்தது. புரதம் பிடித்த கனஅளவுப் பங்கை எடுத்துக்கொள். ஒன்றோடு அந்தப் பங்கையும் அதன் வர்க்கத்தையும் கூட்டி, அதன் கனத்தைக் கழி. வந்ததை, ஒன்றிலிருந்து பங்கைக் கழித்து மும்மடி ஏற்றிய எண்ணால் வகு. அதுவே நல்லியல்பு அழுத்தத்தின் பெருக்குக் காரணி. 100 கிராமுக்கு 1.36, 200 கிராமுக்கு 1.88. (இந்த ஸ்டார்லிங் வேறு. ரத்த நாளங்களுக்குப் புரத அழுத்தம் எவ்வளவு முக்கியம் என்று 1896இல் சொன்னவர் எர்னஸ்ட் ஸ்டார்லிங். ஒரே துறையில் ஒரே பெயரில் இரண்டு பேர் வந்து ஆளைக் குழப்புகிறார்கள்.)

இந்தக் கெட்டிக் கோளக் கணக்கு புரதத்துக்குப் பொருந்தும் என்பதற்கு நல்ல சாட்சி ஹீமோகுளோபின். அடைர் 1925இல் சவ்வூடு பரவல் அழுத்தத்தை வைத்துத்தான் அதன் மூலக்கூறு எடை 16,700 அல்ல, அதன் நான்கு மடங்கு, 67,000 பக்கம் என்று நிறுவினார். செறிவு ஏற ஏற அழுத்தம் கணக்கைவிட வேகமாக ஏறுவதையும் அவர் அளவீடுகள் காட்டின. 1977இல் ராஸ், மின்டன் இருவரும் செறிவான ஹீமோகுளோபினின் இந்தப் போக்கைக் கெட்டிக் கோளங்களாகவே விளக்கினார்கள். சிவப்பணுவுக்குள் லிட்டருக்கு 340 கிராம் அளவில் ஹீமோகுளோபின் இருக்கிறது. அந்தச் செறிவில் மேற்படி காரணி மூன்றைத் தாண்டுகிறது.

அல்புமினில் இது மட்டும் போதவில்லை. 200 கிராமுக்கு இடம் அடைப்பு தருவது 105 மி.மீ. அளந்தது 208. மீதி நூறு எங்கே?

மின்சுமையில். பிஎச் 7.4இல் ஓர் அல்புமின் மூலக்கூறு நிகரமாக 17 எதிர்மின்சுமை பக்கம் சுமக்கிறது. அதற்கு ஈடாக உள்ளே சோடியம் அயனிகள் கூடுதலாக நின்றாக வேண்டும், குளோரைடு குறைய வேண்டும். சவ்வு சோடியத்தைத் தடுக்கவில்லை. ஆனாலும் புரதம் வெளியே போக முடியாததால் அதன் ஈட்டு அயனிகளும் போக முடியாது. டோனன் 1911இல் விளக்கிய சமநிலை இது. கணக்கு எளிது. தண்ணீர்ப் பகுதியில் புரதத்தின் மொத்த மின்சுமைச் செறிவை வர்க்கம் செய். வெளி உப்புச் செறிவின் இருமடங்கையும் வர்க்கம் செய்து கூட்டு. வர்க்கமூலம் எடுத்து, உப்பின் இருமடங்கைக் கழி. மிஞ்சுவதுதான் அதிகப்படி அயனிகள். 200 கிராமில் மின்சுமைச் செறிவு லிட்டருக்கு 60 மில்லிமோல், உப்பின் இருமடங்கு 300. வர்க்கமூலம் 305.9. மிச்சம் 5.9 மில்லிமோல். பார்க்க அற்பம், ஆனால் அந்தக் கரைசலில் புரதமே மொத்தம் 3 மில்லிமோல்தான்! அந்த 5.9 மட்டும் 110 மி.மீ. அழுத்தம் தருகிறது.

கூட்டினால் 200 கிராமுக்கு 215, 150க்கு 124, 100க்கு 61, 50க்கு 22. எதையும் பொருத்தாமல் வந்த எண்கள் இவை. 200 கிராமில் வான்ட் ஹோஃப் பங்கு 56, இடம் அடைப்பு 49, அயனிகள் 110. பாதிக்கு மேல் அழுத்தம் தருவது புரதமே அல்ல, அதோடு மாட்டிக்கொண்ட உப்பு அயனிகள். இயல்பு பிறழ்வு என்று பாடப்புத்தகம் கடைசிப் பத்தியில் தொட்டுவிட்டுப் போவது இங்கே முக்கால் பங்கு விஷயம்.

மாதிரி வேலை செய்கிறதா என்று பார்க்க, பொருந்திய இடத்திலேயே நின்று பெருமைப்படுவதில் பயனில்லை. முப்படிச் சமன்பாடு போக முடியாத இடத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். இரண்டு இடங்கள் தேர்ந்தெடுத்தேன்.

ஒன்று, உப்பைக் குறைப்பது. லிட்டருக்கு 0.58 கிராம் உப்பு, அதாவது 10 மில்லிமோல். 50 கிராம் அல்புமினுக்கு மாதிரி சொன்னது 91 மி.மீ. முன்பு அதே புரதத்துக்கு 22. நான்கு மடங்கு ஏறும் என்பதை நம்பாமல்தான் பல்பை அழுத்தினேன். அளந்தது 78. திசையும் அளவும் சரி, ஆனால் 13 குறைவு. மின்சுமையை 17க்குப் பதில் 15 என்று வைத்தால் ஏறக்குறைய பொருந்திவிடுகிறது. அல்புமின் குளோரைடு அயனியைத் தன் மேல் ஒட்டிக்கொள்ளும் என்பது வேதியியலாளர் ஸ்காட்சர்டின் காலத்திலிருந்து தெரிந்ததே. உப்பு குறைந்தால் ஒட்டுவதும் குறையும், நிகர எதிர்மின்சுமையும் குறையும். அதோடு புரதத்தை நெருங்கி நிற்கும் சோடியம் அயனிகள் முழுச் சுதந்திரமாக இல்லை என்பதும் அதே பக்கம் இழுக்கும். இரண்டில் எது எவ்வளவு என்று என் பெட்டியால் பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது, மின்சுமையை அணைத்துவிடுவது. பிஎச் 4.7 பக்கத்தில் அல்புமினின் நிகர மின்சுமை ஏறக்குறைய பூச்சியம். நீச்சல் குளத்துக்கு ஊற்றும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நன்றாக நீர்த்து, சொட்டுச் சொட்டாக, மெதுவாகக் கிளறிக்கொண்டே விட வேண்டும். ஒரே இடத்தில் விழுந்தால் அங்கேயே திரளும். உப்பு 0.15 மோலாராக இருந்தால் அந்த பிஎச்சிலும் அல்புமின் கரைந்தே இருக்கும், பால் போலத் திரியாது. இங்கே டோனன் பங்கு போய்விடுவதால் இடம் அடைப்பு மட்டும் நிற்க வேண்டும்: 100 கிராமுக்கு 38, 200க்கு 105. அளந்தது 33, 88.

புரதம் அதே, செறிவு அதே, உப்பு அதே. பிஎச்சை மாற்றியதால் மட்டும் 208 என்பது 88 ஆகியிருக்கிறது. இந்த ஒரு ஜோடி அளவீட்டுக்காகவே பெட்டி செய்த செலவு தகும்.

ஆனாலும் 105க்கு 88 குறைவுதான். மின் விலக்கம் இல்லாதபோது புரதங்கள் ஒன்றையொன்று கொஞ்சம் இழுக்கின்றன என்று அதைப் படிக்கலாம். இங்கேதான் பிஎச் 7.4இல் கிடைத்த அழகான பொருத்தத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. 0.734 என்பது உலர்ந்த புரதத்தின் பருமன். உண்மையில் ஒவ்வொரு கிராம் புரதமும் மூன்றில் ஒரு கிராம் அளவுக்குத் தண்ணீரைத் தன்னோடு கட்டி வைத்திருக்கிறது, அந்தத் தண்ணீரும் இடம் அடைக்கும். அல்புமின் உருண்டையும் அல்ல, படிக அமைப்பில் இதய வடிவம். கோளமில்லாத எதுவும் சம பருமனுள்ள கோளத்தைவிட அதிக இடம் அடைக்கும். இரண்டும் அழுத்தத்தை ஏற்றும், ஈர்ப்பு இறக்கும். உலர்ந்த கோளம் சரியான விடை தருவது இந்தத் தவறுகள் ஒன்றையொன்று தின்றுவிடுவதாலும் இருக்கலாம். பருமனை 1.0 என்று உயர்த்தி ஓட்டிப் பார்த்தால் பிஎச் 4.7இல் மாதிரி எகிறிவிடுகிறது, அதை இறக்க ஈர்ப்புக்கு என்று ஒரு புதிய எண் தேவைப்படுகிறது. அந்த எண்ணைச் சேர்த்த நிமிடம் நானும் லேண்டிஸ், பாப்பென்ஹைமர் வழிக்கே வந்துவிடுவேன். அதனால் சேர்க்கவில்லை. 88க்கு 105 என்று தவறாகவே இருக்கட்டும், அந்தத் தவறு எங்கே என்று தெரிகிறது.

நீரேற்றத்தை முன்னால் வைத்துக் கணக்கிடும் இன்னொரு பள்ளியும் உண்டு. யூசெஃப், தத்தா, ராட்ஜர்ஸ் மூவரும் 1998இல் புதுப்பித்த கட்டற்ற கரைப்பான் மாதிரி. புரதம் கட்டி வைத்த தண்ணீரையும் அதில் ஒட்டிய அயனிகளையும் கழித்துவிட்டு, மிஞ்சிய கட்டற்ற தண்ணீரின் மோல் பின்னத்தை வைத்து அழுத்தம் காண்பது. மிக அதிகச் செறிவுகளில் அது நன்றாகப் பொருந்தும். என் குறை என்னவென்றால், அதில் நீரேற்ற எண் ஒன்றே இடம் அடைப்பு, வடிவம் எல்லாவற்றின் சுமையையும் சேர்த்து இழுக்கிறது. ஆலைக்கு வடிகட்டி வடிவமைக்க வேண்டுமென்றால் அதைத்தான் எடுப்பேன். எது எதனால் என்று தெரிய வேண்டுமென்றால் எடுக்க மாட்டேன்.

200 கிராமுக்கு மேல் இந்தக் கருவி போகாது. 250க்கு மாதிரி 343 என்கிறது, பிபி அளவியின் வட்டம் 300இல் முடிகிறது. டயருக்குக் காற்றுப் பார்க்கும் அளவி கைவசம் இருக்கிறது, ஆனால் அதன் ஒரு பார் 750 மி.மீ., கோடுகள் ரொம்ப அகலம். செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: 10 மி.மீ.க்குக் குறைந்த அக்ரிலிக் வாங்காதீர்கள், 200க்கு மேல் வளைந்து ஓ-ரிங் பக்கம் கசியும். போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். சவ்வைக் காய விடாதீர்கள், ஒருமுறை காய்ந்தால் விளிம்புகளில் வெடிக்கும். வேலை முடிந்ததும் பெட்டியை வெந்நீரில் கழுவ வேண்டாம், அல்புமின் அங்கேயே வெந்து ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் கழுவிவிட்டு, அப்புறம் சோப்பு போடுங்கள்.